நோய்க்காலத்தில் வண்டிகளை ஓட்டுவது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவமனை ஆம்புலன்ஸ்கள், ஆலைப் பணியாளர்களை ஏற்றும் வேன்கள், காய்கறியும் மருந்தும் கொண்டுபோகும் மினி லாரிகள் ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வண்டி இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். சாதாரண நாளில் இந்த வேலையின் பெரும்பகுதி டீசல் கணக்கு, டிரிப் ஷீட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதி, டயர் செலவு என்று ஓடிவிடும். ஊரில் ஒரு தொற்று பரவத் தொடங்கினால் முதலில் குறைவது டீசலோ டயரோ இல்லை, ஓட்டுநர்கள்தான். 2020, 2021 கொரோனா காலத் தமிழ்நாட்டை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அடுத்து வரும் நோய் வேறாக இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நோய் எப்படிப் பரவுகிறது என்று முதலில் கேளுங்கள்

வண்டியில் செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றமும் இந்தப் பதிலைப் பொறுத்தது. மூச்சுக்காற்றில் பரவும் நோய் என்றால் வண்டிக்குள் காற்றோட்டம்தான் முதல் வேலை. காலரா போல நீரிலும் கழிவிலும் பரவுவது என்றால் கைகழுவும் நீர், குடிநீர் கேன், நோயாளி படுத்த இடத்தின் சுத்தம் ஆகியவை முன்னுக்கு வரும். டெங்குவுக்கு முகக்கவசம் பயன்படாது. ஷெட்டில் குவிந்து கிடக்கும் பழைய டயர்களில் தேங்கிய மழைநீரைக் கொட்டுவதுதான் பயன்படும். மாவட்ட சுகாதார அலுவலகத்திலோ, உங்கள் நிறுவனத்தின் மருத்துவரிடமோ இதை நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் தகவலை நம்பி மருந்து வாங்கிக் குவிக்காதீர்கள்.

ஒரே மாலையில் போட வேண்டிய பட்டியல்

2020 மார்ச் 22 அன்று சுய ஊரடங்கு. 24ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. 25ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மூன்றே நாளில் சாலைகளின் நிலை தலைகீழாக மாறியது. அப்போது உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே செய்தி வரத் தொடங்கும்போதே ஒரு மாலை உட்கார்ந்து, உங்கள் வண்டிகள் வழக்கமாகப் போகும் எல்லா டிரிப்புகளையும் தாளில் எழுதுங்கள். பிறகு அவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: நிறுத்தவே கூடாதவை, குறைத்துக்கொள்ளக் கூடியவை, நிறுத்திவிடலாம் என்பவை.

முதல் வகையைப் பிரிக்கும்போது கவனமாக இருங்கள். அவசர நோயாளி, ரத்தம், மருந்து, பால் ஆகியவை உடனே நினைவுக்கு வரும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் நோயாளியும், இரவுப் பணிக்கு வரும் செவிலியரும், மருத்துவமனைச் சலவைத் துணியும், மருத்துவக் கழிவும் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. பஸ் நின்றுபோனால் செவிலியர் எப்படி வருவார்? அவர் வராவிட்டால் ஆம்புலன்ஸ் கொண்டுபோய் இறக்கும் நோயாளியை யார் பார்ப்பார்கள்? பணியாளர் வேன் இந்தக் காலத்தில் ஆம்புலன்ஸுக்குச் சமமான வண்டி. இரண்டாம் வகை டிரிப்புகளை ஒரே தடத்தில் சேர்க்கலாம். மூன்றாம் வகையை அன்றே நிறுத்திவிடுங்கள்.

ஓட்டுநர்களை அணியாகப் பிரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

2020 ஏப்ரல் இறுதியில் கோயம்பேடு சந்தையில் தொற்று வெடித்தது. அங்கே வந்துபோன லாரி ஓட்டுநர்கள், சுமைத் தொழிலாளர்கள், வியாபாரிகள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கு நோய் போய்ச் சேர்ந்தது. மே 5 அன்று சந்தையை மூடி, பிறகு திருமழிசைக்கு மாற்றினார்கள். வண்டியோட்டி ஊர் ஊராகப் போகிறவர், எல்லா ஊரிலும் நாலு பேரிடம் பேசுகிறவர். அவருக்கு நோய் வந்தால் தெரியவருவதற்குள் பல ஊர்களுக்குப் போய் வந்திருப்பார். அதே ஓட்டுநர் உங்கள் ஷெட்டில் மற்ற எல்லோரோடும் சேர்ந்து டீ குடித்தால் ஒரே வாரத்தில் மொத்த ஷெட்டும் படுத்துவிடும்.

செய்ய வேண்டியது இது. உங்களிடம் 12 வேனும் 20 ஓட்டுநர்களும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் முதல் அணி, எட்டுப் பேர் இரண்டாம் அணி, நான்கு பேர் கையிருப்பு. ஒரு வாரம் முதல் அணி ஓட்டும், இரண்டாம் அணி வீட்டில் இருக்கும், அடுத்த வாரம் மாறும். ஒருவருக்கு ஒரே வண்டி. இன்று இந்த வேன், நாளை அந்த வேன் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அணி மாறும் நாளில் இரண்டு அணியும் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது. மாலை ஆறு மணிக்கு முதல் அணி சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும், மறுநாள் காலை இரண்டாம் அணி வந்து எடுக்கட்டும். எட்டு வண்டிதானே ஓடும் என்று கவலைப்படாதீர்கள். மூன்றாம் வகை டிரிப்புகளை நிறுத்திய பிறகு எட்டே போதுமானதாக இருக்கும்.

மெக்கானிக்குகளையும் இதேபோல இரண்டாகப் பிரிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரே மெக்கானிக் இரண்டு அணியின் வண்டியையும் தொட்டால், அணி பிரித்ததில் பயனில்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களையும் வயதானவர்களையும் நோயாளி ஏற்றும் வண்டியில் போடாதீர்கள். தொலைபேசிக் கட்டுப்பாட்டு மேசை, சரக்கு டிரிப், நிற்கும் வண்டிகளைப் பராமரித்தல் என்று அவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. யாருக்கு என்ன நோய் என்பதை ஷெட்டில் எல்லோர் முன்பும் கேட்காமல், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அடுத்தது சம்பளம். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய சம்பளமும் பேட்டாவும் போய்விடும் என்றால், எந்த ஓட்டுநரும் காய்ச்சலைச் சொல்ல மாட்டார். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. நோய்க்காலத்தில் தனிமைப்படுத்தப்படும் நாட்களுக்கு முழுச் சம்பளம் என்று முதலாளியிடம் எழுத்தில் வாங்கி, ஷெட் சுவரில் ஒட்டுங்கள். வெப்பமானி, முகக்கவசம், கிருமிநாசினி எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒரு தாள் செய்யும் வேலையைச் செய்யாது. முதலாளி தயங்கினால், ஓட்டுநர் இல்லாமல் நிற்கும் எட்டு வண்டிகளின் ஒரு வார வருமான இழப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

சாப்பாட்டையும் நீங்களே பார்க்க வேண்டும். ஊரடங்கு தொடங்கியபோது நெடுஞ்சாலை உணவகங்கள் மூடிக் கிடந்தன. நாமக்கல், சங்ககிரி பக்கத்து நெடுந்தூர லாரிக்காரர்கள் அடுப்பும் அரிசியும் கூடவே கொண்டுபோவது வழக்கம். வேன் ஓட்டுநருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. பொட்டலச் சாப்பாடு, ஐந்து லிட்டர் தண்ணீர், சோப்பு ஆகியவற்றை வண்டி கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். வழியில் எந்தப் பங்கில் கழிப்பறை திறந்திருக்கிறது என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள்.

வண்டிக்குள் காற்று, பிறகு துடைப்பு

2020இல் சோதனைச் சாவடிகளில் டயருக்கெல்லாம் மருந்தடித்தார்கள். மூச்சில் பரவும் நோய்க்கு அதனால் பயனில்லை. மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமே அந்த ஏப்ரலில் அறிவுறுத்தியது. உங்கள் பணத்தையும் உழைப்பையும் வண்டிக்குள்ளே செலவிடுங்கள்.

ஏ.சி.யில் உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும் நிலையில் வையுங்கள். கண்ணாடிகளை இறக்க முடிந்தால் ஏ.சி.யே வேண்டாம். ஒரே பக்கத்து இரண்டு கண்ணாடிகளைத் திறப்பதைவிட, முன் இடதும் பின் வலதுமாகக் குறுக்கே திறந்தால் காற்று வண்டி முழுவதையும் கடந்து போகும். ஆம்புலன்ஸில் ஓட்டுநர் அறைக்கும் நோயாளி அறைக்கும் நடுவே உள்ள சன்னலை மூடிவையுங்கள். தடுப்பே இல்லாத ஆம்னி வகை வண்டி என்றால் கனமான பிளாஸ்டிக் தாளால் மறைத்து ஓரங்களை ஒட்டி, முன்புற விசிறியை வெளிக்காற்றில் வைத்து, பின்னால் உள்ள காற்றுப்போக்கியை (எக்ஸாஸ்ட் விசிறி) முழு வேகத்தில் ஓடவிடுங்கள். காற்று ஓட்டுநரிடமிருந்து நோயாளி பக்கம் போய் வெளியேற வேண்டும். திசை மாறினால் ஓட்டுநருக்கு ஆபத்து. ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சோதனையை ஆக்சிஜன் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

துடைப்பதற்கு 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் போதும். கடையில் வாங்கும் திரவம் 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம். வெயிலிலும் வெளிச்சத்திலும் வீரியம் குறைந்துவிடும் என்பதால் அன்றன்று கலக்க வேண்டும். துடைத்துப் பத்து நிமிடம் ஈரமாக விட்டுவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் துடைத்தெடுங்கள். உலோகத்தை இது அரிக்கும். ஸ்ட்ரெச்சரின் உலோகப் பகுதி, டேஷ்போர்டு பொத்தான்கள், கியர் குமிழ் ஆகியவற்றுக்கு 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியைப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் கரைசலோடு கழிப்பறை ஆசிட்டையோ வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையோ கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். துடைக்கும்போது எல்லாக் கதவுகளும் திறந்திருக்கட்டும். சானிடைசர் பாட்டிலை வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள்.

நோயாளியை ஏற்றும் வண்டிக்கு ஆக்சிஜன் கணக்கு

2021 மே மாதத்தில் சென்னையில் பெரிய அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றதை எல்லோரும் பார்த்தோம். படுக்கை கிடைக்கும்வரை நோயாளிகள் வண்டிக்குள்ளேயே ஆக்சிஜனோடு காத்திருந்தார்கள். அரை மணி நேரப் பயணத்துக்குப் போதும் என்று அனுப்பிய சிலிண்டர் அப்படிப்பட்ட நாளில் போதாது. ஆகவே இந்தக் கணக்கு உங்களுக்கும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை, அழுத்தமானி ‘பார்’ என்ற அழுத்த அலகில் காட்டும் எண்ணால் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது என்று கிடைக்கும். ஆம்புலன்ஸில் வைக்கும் பி வகை சிலிண்டர் 10 லிட்டர் கொள்ளளவு, முழுதாக நிரப்பினால் 150 பார், ஆக 1,500 லிட்டர். மருத்துவமனையில் காணும் பெரிய டி வகை ஏறத்தாழ 7,000 லிட்டர். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்றால் பி வகை 150 நிமிடம் வரும், 15 லிட்டர் என்றால் 100 நிமிடம்தான். மானி 75 காட்டினால் இதில் பாதி. கால் பங்கை எப்போதும் கையிருப்பாகக் கழித்துவிடுங்கள்.

அதன்பிறகு இப்படிக் கேளுங்கள்: பயண நேரம் எவ்வளவு, வாசலில் காத்திருக்க நேரும் நேரம் எவ்வளவு, அங்கிருந்து வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் அதற்கு எவ்வளவு? மூன்றையும் கூட்டிய பிறகே சிலிண்டர் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். கிளம்பும் முன் மருத்துவமனையில் படுக்கை இருக்கிறதா என்று கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவர் கேட்டுச் சொல்ல வேண்டும். அந்த வேலையை ஓட்டுநர் தலையில் கட்டாதீர்கள்.

கிரீஸ் படிந்த கையோடு மெக்கானிக் ஆக்சிஜன் வால்வைத் தொடக் கூடாது. எண்ணெயும் அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும். சானிடைசர் போட்ட கை நன்றாகக் காய்ந்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். சிலிண்டரைப் பட்டையால் இறுகக் கட்டுங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மே மாதத்தில் தனியார் ஆம்புலன்ஸ்களுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று தமிழக அரசு நிர்ணயித்தது. மூச்சுத் திணறலோடு இருப்பவரின் வீட்டாரிடம் கேட்ட பணத்தையெல்லாம் வாங்கியவர்கள் இருந்ததால்தான் அந்த ஆணை தேவைப்பட்டது. உங்கள் வண்டியின் கட்டணப் பட்டியலைப் பின்கதவில் தமிழில் ஒட்டிவையுங்கள். பேரம் பேசும் நிலையில் இல்லாதவரிடம் பேரம் பேசுவது கொடுமை.

பாஸும் காகிதங்களும்

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோப்பு: ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி., புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம், பாஸ் (ஊரடங்கில் வண்டி ஓட்ட அரசு தரும் அனுமதிச் சீட்டு), நிறுவனக் கடிதம். எல்லாவற்றுக்கும் தாளில் ஒரு நகல் கட்டாயம் வேண்டும். நள்ளிரவில் சோதனைச் சாவடியில் கைபேசிச் சார்ஜ் இறங்கிவிட்டால் திரையில் காட்ட எதுவும் இருக்காது. பாஸில் மாற்று ஓட்டுநரின் பெயரையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். 2020 ஏப்ரல் 15 தேதியிட்ட மத்திய உள்துறை வழிகாட்டுதல் சரக்கு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர், ஓர் உதவியாளர் என்று அனுமதித்தது. லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியையும், லோடு எடுக்கக் காலியாகப் போகும் வண்டியையும் விட வேண்டும் என்றும் சொன்னது. சாலையில் நிற்கும் காவலருக்கு அது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆணையின் நகலை, அந்த வரியை அடிக்கோடிட்டு, கோப்பில் வையுங்கள். விதிகள் அடிக்கடி மாறும். 2020 ஜூன் 1 முதல் டாக்சியில் மூன்று பயணிகள், ஆட்டோவில் இரண்டு, பஸ்ஸில் 60 சதவீத இருக்கை என்று இருந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தேவைப்பட்ட இ-பாஸ் செப்டம்பர் 1 முதல் விலக்கப்பட்டது. தினமும் ஒருவர் புதிய ஆணைகளைப் பார்த்துக் காலை ஆறு மணிக்குள் ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டும்.

காலாவதியான ஆவணங்களில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2020 பிப்ரவரி 1க்குப் பிறகு காலாவதியான எஃப்.சி., பெர்மிட், உரிமம் போன்றவை செல்லும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்து, பலமுறை நீட்டித்தது. அதில் இன்ஷூரன்ஸ் சேராது. அதற்குத் தனியாகச் சில வார அவகாசம் மட்டுமே கிடைத்தது. எல்லாம் நீட்டித்துவிட்டார்கள் என்று இன்ஷூரன்ஸைக் கட்டாமல் விட்ட வண்டி விபத்தில் சிக்கினால் நட்ட ஈடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும்.

நிற்கும் வண்டிகள்

ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டி சீக்கிரம் கெடும். மூன்று வாரம் நின்றால் பேட்டரி இறங்கிவிடும். ஜி.பி.எஸ். கருவி இருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். நீண்டகாலம் நிற்கப்போகிற வண்டிக்கு நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். அவசரத்துக்கு வேண்டிய வண்டியை வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறுமவிடுவதால் பேட்டரி ஏறாது. பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்வதுதான் மிச்சமாகும்.

ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள், பிரேக் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டயரில் காற்றைச் சற்றுக் கூடுதலாக வைத்து, வாரம் ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். டீசல் டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே நீர் கோக்காது. ஏர் பிரேக் வண்டியில் ஏர் டேங்கின் தண்ணீரை வடித்துவிடுங்கள். எலி ஒயரைக் கடிக்கும். வண்டிக்குள் சாப்பாட்டுத் துணுக்கு இல்லாமல் பார்த்துக்கொண்டு, வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். மறுபடி ஓட்டும் முதல் நாள் பயணி இல்லாமல் ஷெட்டுக்குள்ளேயே பிரேக்கைச் சோதித்த பிறகே சாலைக்கு அனுப்புங்கள்.

டியூ

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று வண்டிக் கடன் போன்றவற்றின் தவணைக்கு (டியூ) மூன்று மாத அவகாசம் அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. கையில் பணம் இருந்தால் டியூ கட்டிவிடுங்கள். பணம் இல்லையென்றால் மட்டும் அவகாசம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஓட்டாமல் நிறுத்தப்போகும் வண்டிக்கு வரிச் சலுகை வேண்டும் என்றால் நிறுத்துவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டுநருக்குப் பணி ஆணை

கொரோனா காலத்தில் நோயாளிகளோடு பணிபுரிந்து இறந்த சுகாதாரப் பணியாளர் குடும்பத்துக்கு மத்திய அரசு 50 லட்ச ரூபாய்க் காப்பீடு அறிவித்தது. மருத்துவமனைகள் பணிக்கு அமர்த்திய ஒப்பந்தப் பணியாளர்களும் அதில் அடங்குவர். ஆனால் அதைக் கேட்டு வாங்க, நோய் உறுதியான பரிசோதனை அறிக்கையும், அவர் கொரோனா பணியில் இருந்தார் என்று நிறுவனம் தரும் சான்றும் தேவைப்பட்டன. வாய்மொழியாக வண்டியை எடுக்கச் சொல்லி அனுப்பப்பட்ட ஒப்பந்த ஓட்டுநரின் மனைவி அந்தச் சான்றுக்கு எங்கே போவார்?

ஆகவே நோயாளி ஏற்றும் பணிக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் எழுத்தில் பணி ஆணை கொடுங்கள். பெயர், உரிம எண், வண்டி எண், பணி தொடங்கும் தேதி, எந்த மருத்துவமனைக்காக என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு நகல் அவர் வீட்டில், ஒரு நகல் உங்கள் அலுவலகத்தில். டிரிப் ஷீட்டில் நோயாளியின் பெயரை எழுத வேண்டாம். ஏற்றிய இடம், இறக்கிய மருத்துவமனை, நேரம், ஓட்டுநர் கையொப்பம் போதும். காப்பீட்டுக் கோரிக்கைகள் நோய் அடங்கிப் பல மாதம் கழித்தும் வரும். அந்தத் தாள்களைப் பழைய டீசல் பில்லோடு சேர்த்துக் கழித்துவிடாமல் தனி அலமாரியில் பூட்டிவைத்து, உங்களுக்குப் பிறகு பொறுப்பேற்பவரிடம் சாவியையும் பட்டியலையும் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள்.